முக்கால் சாரும் குதிகால் பிடியும்

பல் செட் செய்கிற அந்த மனிதரைத் தெருவில் பாதிப் பேருக்கு "முக்கால் சார்" என்று சொன்னால்தான் தெரியும். எதைப் பற்றி அபிப்பிராயம் கேட்டாலும், புதிதாகத் திறந்த சலூனாக இருக்கட்டும், எதிர் வீட்டுக்காரர் வாங்கிய சைக்கிளாக இருக்கட்டும், தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முக்கால்வாசி நல்லாருக்கு" என்பார். மிச்சம் கால்வாசிக்கு என்ன குறை என்று வாய்தவறிக் கேட்டவர்கள் தொலைந்தார்கள். அதை விளக்கி முடிப்பதற்குள் வாங்கி வந்த பால் திரிந்துவிடும்.

ஒல்லியான உடம்பு, தட்டையான பாதம். யாரையாவது அதட்டிப் பேச வேண்டியிருந்தால் மனைவியை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிற சுபாவம். இப்படிப்பட்டவர் எம்.எம்.ஏ. என்று சொல்கிற கலப்புச் சண்டை வீடியோக்களைத் தரம் பார்த்துச் சொல்வதில் பெயர் வாங்கினார் என்றால், அதற்கு ஒரு உடைந்த முன்பல்தான் காரணம்.

பல் மருத்துவமனையின் பின்பக்க அறைதான் அவருடைய வேலையிடம். ஜன்னலை ஒட்டி மேஜை. மேஜையில் மெழுகு உருக்கும் விளக்கு, சின்னச் சின்னக் கத்திகள், உரசுகிற இயந்திரம். அலமாரி முழுக்க பிளாஸ்டரில் வார்த்த தாடைகள், ஏதோ பேச்சின் நடுவில் பாதியில் விட்டுப் போனது போலத் திறந்தே கிடக்கும். அங்கே ஒரு நாள் பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு சண்டைக்காரர் வந்தார். முன்பல் போயிருந்தது. பல்லும் கட்டி, இனிமேல் மற்ற பற்களாவது தப்பிக்கட்டும் என்று வாய்க்குள் வைக்கிற கார்டும் செய்து கொடுத்தார் முக்கால். அது அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதில் அந்த ஆளுக்கு ஒரே சந்தோஷம். "சார், வர்ற சண்டைக்கு நீங்க கண்டிப்பா வரணும்" என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டுவிட்டார்.

முக்கால் போனார். தன் வாடிக்கையாளர் எதிராளியைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்து சாத்து சாத்தென்று சாத்துவதைப் பார்த்து, கீழே கிடந்தவருக்காக மனம் இளகிக்கொண்டிருந்தார். திடீரென்று மேலே இருந்தவர் விரிப்பைப் படபடவென்று தட்டினார். நடுவர் பிரித்துவிட்டார். கீழே கிடந்தவரின் கையைத் தூக்கிக் காட்டினார்கள்.

"என்னங்க ஆச்சு?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார் முக்கால்.

"கையை மாட்டிட்டான்ல. தட்டினா தோத்தேன், விடுன்னு அர்த்தம்."

"யாரு?"

"கீழ இருந்தவன்தான்."

"கீழ இருந்துக்கிட்டேவா?"

அந்த மனிதர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பல்லிடுக்கில் சிக்கிய நார் போல அந்தக் கேள்வி முக்காலின் மனதில் சிக்கிக்கொண்டது. கீழே கிடந்தவன் எப்படி ஜெயித்தான்?

அன்று தேட ஆரம்பித்தவர்தான். வீடியோ வீடியோவாகப் பார்த்தார். சிலவற்றில் காது கிழிகிற இசை. அடி விழுகிற இடத்தையே திரும்பத் திரும்ப மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள், அடி எப்படி வந்தது என்பதை மட்டும் காட்ட மாட்டார்கள். சிலவற்றில் ஒரு வாத்தியார் வெறும் அறையில் நின்று பாடம் நடத்துவார். முக்கியமான பிடி வருகிறபோது அவருடைய முதுகே அதை மறைத்துவிடும். இன்னும் சிலர், பாடம் தொடங்குவதற்கு முன் தங்கள் வீரப் பிரதாபங்களைச் சொல்லி முடிப்பதற்குள் பார்க்கிறவர் தூங்கிவிடுவார். நல்லதும் இருந்தது. ஆனால் குப்பையைக் கிளறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

கார்டுகளைக் கொடுக்கப் பயிற்சிக் கூடத்துக்குப் போகும்போது இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் அங்கிருந்த பயிற்சியாளர், "சார், புதுசா சேர்றவங்க வீடியோவைப் பாத்துட்டு வந்து கண்டதையும் செய்யுறாங்க. எதைப் பாக்கலாம், எதைப் பாக்க வேணாம்னு நீங்களே சொல்லிடுங்களேன். உங்க அளவுக்கு உக்காந்து பாக்க எங்களுக்கு ஏது பொறுமை" என்றார். அவர் பாதி கிண்டலாகச் சொன்னதை முக்கால் முழுதாக எடுத்துக்கொண்டார். தன் குரலைப் பதிவு செய்து, இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி அதில் போட ஆரம்பித்தார். பேச்சில் பந்தா கிடையாது. ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு தீர்ப்பு: ரசிகர் பார்க்கலாமா, மாணவர் பார்க்கலாமா. இரண்டும் ஒன்றல்ல என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பார்க்க அழகாக இருப்பது கற்றுக்கொள்ள உதவும் என்பதில்லை, நன்றாகக் கற்றுத் தருவது கொட்டாவி வரவழைக்கலாம்.

இந்தத் தீர்ப்புகளுக்கு வீட்டிலேயே இரண்டு தராசு வைத்திருந்தார். ரசிகர் தராசு அவர் மனைவி. அவள் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் அவசர அழைப்பு எடுக்கிற வேலையில் இருந்தாள். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் அவளுடைய குரல்தான் கேட்கும். சண்டை என்றாலே அவளுக்கு ஆகாது. ஆனாலும் அவள் துவைத்த துணிகளை மடிக்க உட்காருகிற நேரம் பார்த்து முக்கால் வீடியோவைப் போடுவார். துணி கடகடவென்று மடிந்துகொண்டே போனால் வீடியோ தேறாது. மடிக்க வேண்டிய சட்டை மடியிலேயே கிடந்து, அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தால், ரசிகர்களுக்கு அது விருந்து. இந்தத் துணிக் கணக்கைப் பதிவிலும் மறைக்காமல் சொல்லிவிடுவார்.

மாணவர் தராசு அவளுடைய தம்பி. கீழ்வீட்டில் குடியிருந்த அவன் பஸ் ஓட்டுகிறவன். ஆள் மலை மாதிரி இருப்பான். மனசு மட்டும் வெண்ணெய். அவனுக்கு வாராந்திர ஓய்வு வருகிற நாளில் சோபாவைச் சுவரோரம் தள்ளி, மெத்தையைத் தரையில் போட்டு, இருவரும் வீடியோவில் சொன்னதைச் சொன்னபடி செய்து பார்ப்பார்கள்.

"மாமா, என் கழுத்தைப் பிடிங்கன்னா தாவாக்கட்டையைப் பிடிக்கிறீங்க."

"அவன் அப்படித்தான் மாப்ள சொன்னான்."

"அப்ப அவன் சொன்னதுல கோளாறு. எழுதிக்குங்க, தேறாது."

சொன்னதை மட்டும் வைத்து இந்த இரண்டு பேரால் செய்ய முடிந்தால் வேறு எவராலும் செய்ய முடியும் என்பது முக்காலின் கணக்கு. அதில் நியாயமும் இருந்தது. பக்கத்துக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். வேறு ஊர்ப் பயிற்சிக் கூடங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன.

அந்தச் சமயத்தில்தான் அந்த வீராங்கனையின் பாட வீடியோ வந்தது. சண்டையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய ஆட்டக்காரி. காலைப் பிடித்து மடக்குகிற வித்தையில் அவளை அடிக்க ஆளில்லை என்று பேசிக்கொள்வார்கள். வீடியோவில் அவள் அசைவதைப் பார்த்தால் தண்ணீர் ஓடுவது போலிருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு வழுக்கிப் போவாள்; எதிரிலிருப்பவர் எப்போது மாட்டினார் என்றே தெரியாது. அன்று முக்காலின் மனைவி மடியில் கிடந்த போர்வையை மறந்தாள், அடுப்பில் வைத்த குழம்பையும் மறந்தாள். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

"சண்டையா இது, நாட்டியம் மாதிரியில்ல இருக்கு" என்றாள் சமையலறையிலிருந்து.

முக்காலுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கால்வாசிக் குறை எதுவும் கண்ணில் படவில்லை. மாணவர் தராசில் நிறுத்துப் பார்ப்பது வெறும் சடங்கு என்றே நினைத்தார்.

அடுத்த ஓய்வு நாளில் சோபா நகர்ந்தது, மெத்தை விழுந்தது. குதிகால் பிடி என்ற பாடத்தை எடுத்தார்கள். தன் கால்களால் எதிராளியின் காலைப் பின்னி, பாதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குதிகாலை முழங்கை மடிப்பில் வாங்கி, உடம்போடு திருப்ப வேண்டும். வீடியோவில் வீராங்கனை, "பிடி, இடுக்கு, திருப்பு" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டாள். அவளோடு இருந்த ஆள் அவள் தொட்ட உடனேயே தட்டிவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

முக்கால் பிடித்தார், இடுக்கினார்.

"வலிக்குதா மாப்ள?"

"ஒண்ணுமே தெரியல மாமா. கிச்சுக்கிச்சு மூட்டுற மாதிரி இருக்கு."

"இப்ப?"

"ம்ஹூம். இன்னும் கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினார். ஈரக் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா," என்றான் மைத்துனன் நிதானமாக, "ஏதோ சத்தம் கேட்டுச்சே. என் காலா, உங்க கையா?"

வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு மெத்தையில் சுருண்டதைப் பார்த்து முக்கால் மனைவியைக் கூவி அழைத்தார். சமையலறையிலிருந்து வந்த மனைவி ஒரு நொடியில் நிலைமையைப் புரிந்துகொண்டாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுத் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "காலை அசைக்காத. மெதுவா மூச்சு விடு. நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல. வண்டி வந்துக்கிட்டிருக்கு" என்றாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் முக்கால் கேட்டறியாத குரல் அது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பிடித்துக்கொண்டு நடக்கலாம் போலிருந்த கைப்பிடி மாதிரியான குரல். அவள் தினமும் முகம் தெரியாதவர்களிடம் பேசுகிற குரல் அதுதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

குதிகாலைத் திருப்பிய முறுக்கு முழங்காலில் போய் இறங்கி, அதற்குள் இருக்கிற தசைநார் கிழிந்துவிட்டது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை தேவைப்படாது, ஆனால் பட்டை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ் பக்கமே போகக் கூடாது.

மைத்துனன் மனைவி செய்தி கேட்டு வேலையிலிருந்து நேரே மருத்துவமனைக்கு ஓடிவந்தாள். அவளுக்கு முக்கால் என்றால் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. "ஏன் அண்ணே," என்றாள், குரலை உயர்த்தாமல், "அவரு உங்களுக்கு விளையாட்டு பொம்மையா?"

வீடியோ சொல்லிக்கொடுத்தது சரியில்லை என்று முக்கால் சொல்லலாம்தான். ஆனால் திருப்பியது யாருடைய கை? அன்று வீட்டுக்கு வந்ததும் மெத்தையைக் கட்டிலில் தூக்கிப் போட்டு, சோபாவைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டு, தன் பக்கத்தையும் மூடி வைத்தார். அந்த வீடியோவைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. யார் கேட்டாலும், "அதெல்லாம் விட்டாச்சு" என்றார்.

வீட்டில் சும்மா கிடக்க முடியாமல் மைத்துனன் நொண்டி நொண்டி அவருடைய வேலையிடத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தான். பிளாஸ்டர் மூட்டைமேல் காலை நீட்டிக்கொண்டு, வாய்க் கார்டுகளின் ஓரத்தை உரசிக் கொடுப்பான். ஸ்டீயரிங் பிடித்த பெரிய கைகளுக்கு அந்த வேலை ஆச்சரியமாக நன்றாகவே வந்தது. அலமாரியில் இருக்கிற தாடைகளுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தான். "இந்த ஆளு டிக்கெட் எடுக்காம ஏறி சண்டை போடுற ரகம் மாமா, வாயைப் பாத்தாலே தெரியுது" என்பான். முக்கால் சிரிக்க மாட்டார். அவன் கால் பக்கம் பார்வை போகாமல் வேலை செய்யவே அவர் பெரும்பாடு பட்டார்.

ஒரு நாள் மைத்துனன் உரசுவதை நிறுத்திவிட்டு, "அந்த வீடியோவைப் பத்தி ஏன் மாமா பேச மாட்டேங்குறீங்க?" என்றான்.

"பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"யோக்கியதை என்னது. என் முட்டிதான் யோக்கியதை. நீங்க சொல்லலேன்னா வேற எவனாவது மெத்தையைப் போட்டு இதையேதான் செய்யப் போறான். அவன் மாமா உங்களை மாதிரி பொறுமையா திருப்புவாருன்னு என்ன நிச்சயம்?"

முக்கால் கையிலிருந்த மெழுகுக் கத்தியை வைத்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்த மைத்துனன் அவசரமாக இயந்திரத்தைப் போட்டு உரச ஆரம்பித்துவிட்டான்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னார். அவள், "அதை மறுபடி போடுங்க" என்றாள். போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். முழுதும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"கண்ணுக்குத்தான் எல்லாம் இருக்கு. காதுக்கு ஒண்ணுமே இல்ல. பிடிக்கச் சொல்றா, திருப்பச் சொல்றா. எப்ப நிறுத்தணும், எப்ப விடணும்னு ஒரு வார்த்தை இருக்கா? மாட்டுறவன் எப்ப தட்டணும்னு இருக்கா? லிஃப்டுல இருக்கிறவங்ககிட்ட நாங்க முதல்ல சொல்றதே என்ன செய்யக் கூடாதுங்கறதைத்தான். கதவைத் தள்ளாதீங்க, அப்படின்னு."

"அதை நீயே சொல்லேன்" என்றார் முக்கால்.

இருவரும் சேர்ந்து பேசிப் பதிவு செய்தார்கள். முக்கால் ரசிகர்களுக்குச் சொன்னார்: விட்டுவிடாதீர்கள், இப்படி ஒரு ஆட்டத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மனைவி மாணவர்களுக்குச் சொன்னாள்: இப்போதிருக்கிற நிலையில் இதைப் பார்த்துச் செய்யாதீர்கள், எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். மைத்துனன் பின்னாலிருந்து, "வலியே தெரியாதுங்க, அதான் விஷயம்" என்று ஒரு வரி சேர்த்தான்.

வீராங்கனையின் விசிறிகள் சும்மா விடவில்லை. பல் பிடுங்குகிறவனுக்குக் கால் பிடியைப் பற்றி என்ன தெரியும் என்று எழுதினார்கள். தான் பல் பிடுங்குவதில்லை, செய்வதுதான் என்று முக்கால் ஒவ்வொருவருக்கும் பணிவாகப் பதில் போட்டார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பிறகு ஒரு மத்தியான வேளையில், வேலையிடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு குள்ளமான ஒரு பெண் உள்ளே வந்தாள். காது மடல் இரண்டும் நசுங்கித் தடித்துப்போயிருந்தன. முக்காலுக்கு ஆளை அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த தாடை நழுவி மேஜையில் விழுந்தது.

"யாரோட முட்டி?" என்றாள் வந்தவள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மைத்துனன் கையைத் தூக்கினான்.

வீராங்கனை அவன் முன்னால் தரையில் மண்டியிட்டாள். பட்டைக்கு மேலும் கீழும் விரலால் தொட்டுப் பார்த்தாள். காலை மெதுவாக மடக்கி நீட்டினாள். அத்தனை பேரின் முழங்காலை நடுங்க வைத்த கை, தூங்குகிற குழந்தையைத் தொடுவது போலத் தொட்டது. "ஆறிக்கிட்டு வருது" என்றாள். அப்புறம், தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க மேல கோபமாத்தான் கிளம்பி வந்தேன் சார். வர்ற வழியில அந்தப் பாடத்தை நானே போட்டுப் பாத்தேன். நான் இதுவரைக்கும் பிடிச்ச காலெல்லாம் விவரம் தெரிஞ்சவங்க கால். தொட்டாலே தட்டிடுவாங்க. எனக்கு இது மூச்சு விடுற மாதிரி ஆயிடுச்சு. மூச்சு விடுறதை யாராவது சொல்லிக்கொடுப்பாங்களா? அதான் சொல்லாம விட்டிருக்கேன்."

முக்கால் எழுந்து போய் அவளுக்குத் தேநீர் வாங்கி வந்தார்.

"அந்தப் பாடத்தை எடுத்துட்டேன்" என்றாள் அவள், குடித்துக்கொண்டே. "புதுசா எடுக்கணும். உங்க வீட்டு அக்கா குரல் எனக்கு வேணும். அவங்க பேசினா எனக்கே தட்டணும் போல இருந்துச்சு."

பயிற்சிக் கூடத்தில் படம் எடுத்தார்கள். வீராங்கனைக்கும் முக்காலின் மனைவிக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது. பிடியின் அழகு கெடாமல் ஒரே வீச்சில் காட்ட வேண்டும் என்றாள் வீராங்கனை. பாதியில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றாள் இவள். "பயந்து போனவங்களுக்கு ஒரு நேரத்துல ஒரு விஷயந்தான் காதுல ஏறும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் அவள் சொன்னபடிதான் நடந்தது. அழகான வீச்சு முதலில் ரசிகர்களுக்காக ஒரு முறை வந்தது. பிறகு மாணவர்களுக்காக அவளுடைய ஏற்ற இறக்கமில்லாத குரல்: "பிடிச்சிட்டீங்களா? அங்கயே நில்லுங்க. திருப்ப வேணாம். எதிர்ல இருக்கிறவங்க முகத்தைப் பாருங்க. மாட்டினவங்க வலிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. வலி வந்தா நேரம் கடந்து போச்சுன்னு அர்த்தம். இப்ப தட்டுங்க. தட்டினதும் முதல்ல கையை விடுங்க, அப்புறம் பின்னின உங்க காலை எடுங்க."

தட்டிக் காட்டுகிற ஆளாக மைத்துனன் போனான். மருத்துவரிடம் கேட்டு, நல்ல காலை மட்டும் நீட்டினான். முதல் தடவை வீராங்கனை பக்கத்தில் வருவதற்கு முன்பே விரிப்பைத் தட்டிவிட்டான். கூடமே சிரித்தது. "இன்னும் தொடவே இல்லியே" என்றாள் அவள். "எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்றான் அவன். அதை வெட்டிவிடலாம் என்றார் படம் எடுத்தவர். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், பார்க்கிறவர்கள் வெட்கப்படாமல் தட்டக் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டாள் வீராங்கனை.

வீடியோ வெளியானதும் எல்லோரும் முக்காலின் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். பெண்டாட்டி குரல், மைத்துனன் உடம்பு, தன் கையால் செய்த கார்டு வீராங்கனை வாயில். இதற்குத் தான் தீர்ப்புச் சொன்னால் நன்றாக இருக்காது, மற்றவர்கள் செய்து பார்த்துச் சொல்லட்டும் என்றார். சொன்னார்கள். ஒரு பயிற்சிக் கூடத்தில் இதைப் போட்டுக் காட்டாமல் கால் பிடி ஆரம்பிப்பதில்லை என்று எழுதினார்கள். இன்னொருவர், தன் மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை என்று எழுதியிருந்தார். முக்கால் அதை மனைவியிடம் படித்துக் காட்டிவிட்டு ஒரு நாள் முழுக்கத் திட்டு வாங்கினார்.

வீட்டில் மெத்தை மறுபடி தரையில் விழுந்தது. இந்த முறை மைத்துனன் மனைவியும் மாடிக்கு வந்து சோபாவில் காலை மடித்துக்கொண்டு உட்காருவாள், காவலுக்கு. "அண்ணே, அவரு தட்டிட்டாரு, விடுங்க" என்று அவன் தட்டுவதற்கு முன்பே சொல்வாள். முக்காலும் விட்டுவிடுவார்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு மைத்துனன் மறுபடி பஸ் எடுத்த நாளில், முக்கால் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனாலும் போகட்டும் என்று அந்த வண்டியிலேயே ஏறினார். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, பிரேக்கில் அந்தக் கால் அழுந்தி எழுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு நிறுத்தத்தில் தோளில் பயிற்சிப் பை மாட்டிய ஒரு பெண் ஏறினாள். ஓட்டுநரைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து, முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அந்த வீடியோவுல தட்டுறவர்தானே?"

"ஆமாங்க" என்றான் மைத்துனன், காது வரை சிவந்து. "கம்பியைப் பிடிச்சுக்குங்க, வண்டியை எடுக்கணும்."